டிரைவ் பெயரை மாற்றியதும் லினக்ஸ் பூட் ஆகவில்லை: இரண்டு விண்டோஸ், ஒரு லினக்ஸ், ஒரே கணினி

இளவேனில் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. ஒரே கணினியில் மூன்று இயங்குதளங்கள் வைத்திருக்கிறேன். டிரைவ்களின் பெயர்க் குழப்பத்தைச் சரிசெய்யப் போனதிலிருந்து லினக்ஸ் பூட் ஆக மறுக்கிறது. முழு விவரத்தையும் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் நீளம்தான்.

உள்ளே இரண்டு டிஸ்க் இருக்கின்றன. பழையது 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி, அதில் விண்டோஸ் 10. புதியது 1 டிபி என்விஎம்இ, அதில் விண்டோஸ் 11, லினக்ஸ் மின்ட், அப்புறம் மூன்றுக்கும் பொதுவாக ஒரு பெரிய என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் ஃபைல் சிஸ்டம்) பார்டிஷன், அதாவது டிஸ்கின் ஒரு தனிப் பகுதி. படங்கள், ஆவணங்கள், வேலை ஃபைல்கள் எல்லாம் அந்தப் பொது பார்டிஷனில்தான் இருக்கின்றன. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது தெரியும், ஆனால் என்னுடைய பழைய ஸ்கேனரின் டிரைவர் அதில் மட்டும்தான் ஒழுங்காக ஓடுகிறது, அதனால் இப்போதைக்கு அதை அழிக்க முடியாது.

குழப்பம் என்னவென்றால், பொது பார்டிஷன் விண்டோஸ் 10-இல் இ டிரைவ், விண்டோஸ் 11-இல் அதுவே எஃப் டிரைவ். எந்த விண்டோஸுக்குள் போகிறேனோ அது சி டிரைவ், மற்றது டி டிரைவ். இரண்டுக்கும் லோக்கல் டிஸ்க் என்றே பெயர் இருப்பதால் உள்ளே போய் ஃபோல்டர்களைப் பார்த்த பிறகுதான் எதைத் திறந்திருக்கிறோம் என்று தெரிகிறது. பொது பார்டிஷனுக்கு ஆங்கிலப் பெரிய எழுத்தில் டேட்டா என்று ஒரு லேபிள் இருந்தது. அதை விண்டோஸ் 11-இல் ரைட் கிளிக் செய்து, தமிழில் களஞ்சியம் என்று மாற்றினேன். இரண்டு விண்டோஸிலும் புதுப் பெயர் சரியாகத் தெரிகிறது. ஆனால் அதற்குப் பிறகு லினக்ஸுக்குப் போனால், ஸ்டார்ட் ஜாப் ஏதோ ஓடுகிறது என்று ஒன்றரை நிமிடம் எண்ணிக்கொண்டே இருந்துவிட்டு, எமர்ஜென்சி மோடு என்று கறுப்புத் திரையில் நின்றுவிடுகிறது.

லினக்ஸை எப்படி மீட்பது என்பது முதல் கேள்வி. இரண்டு விண்டோஸிலும் ஒரே எழுத்து வரச் செய்ய முடியுமா என்பது அடுத்தது. ஆன் செய்ததும் இயங்குதளத்தைத் தேர்ந்தெடுக்க வரும் கிரப் மெனுவில் ஒரே ஒரு விண்டோஸ்தான் தெரிகிறது, அதைத் தேர்ந்தெடுத்தால் நீலத் திரையில் இன்னொரு மெனு வந்து 10-ஆ 11-ஆ என்று கேட்கிறது, அது ஏன்? பயாஸில் மின்ட் என்ற பெயரே இல்லை, உபுண்டு என்று இருக்கிறது, அது சரிதானா? கடைசியாக, சில மாதங்கள் கழித்து அந்தப் பழைய எஸ்எஸ்டியைக் கழற்றி வேறு கணினியில் போடலாம் என்று இருக்கிறேன், அப்போது பிரச்சினை ஏதும் வருமா?

கொன்றை எழுதியது:

முதலில் பயப்பட வேண்டாம், உங்கள் ஃபைல்கள் எதுவும் போகவில்லை. உங்கள் லினக்ஸ் அந்தப் பொது பார்டிஷனை லேபிளை வைத்துத் தேடுகிறது. பூட் ஆகும்போது எந்தெந்த பார்டிஷனை எங்கே மவுன்ட் செய்ய (ஒரு ஃபோல்டரோடு இணைக்க) வேண்டும் என்று எஃப்எஸ்டேப் என்ற ஃபைலில் எழுதியிருக்கும். அதில் டேட்டா என்ற லேபிள் கொண்ட பார்டிஷனை எடு என்று ஒரு வரி இருக்க வேண்டும். அந்தப் பெயரில் இப்போது எதுவும் இல்லை, அதனால் 90 நொடி காத்திருந்து பார்த்துவிட்டு நின்றுவிடுகிறது. அந்த 90 நொடி, லினக்ஸைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி நிரலின் வழக்கமான காத்திருப்பு நேரம், நீங்கள் பார்த்த ஒன்றரை நிமிடம் அதுதான்.

மீட்பதற்குக் கறுப்புத் திரையில் எதையும் தட்டத் தேவையில்லை. விண்டோஸுக்குப் போய், லேபிளை மறுபடி பழைய டேட்டா என்றே மாற்றுங்கள். பெரிய எழுத்து சின்ன எழுத்து உட்பட முன்பு இருந்தது போலவே இருக்க வேண்டும், ஏனென்றால் லினக்ஸ் இரண்டையும் வேறு வேறாகப் பார்க்கும். பிறகு ஷட் டவுன் கொடுக்காமல் ரீஸ்டார்ட் கொடுத்து லினக்ஸுக்குப் போங்கள் (ஏன் ரீஸ்டார்ட் என்பதை வேறு யாராவது விளக்குவார்கள் என்று நினைக்கிறேன், அது தனியாகப் பேச வேண்டிய விஷயம்). லினக்ஸ் பூட் ஆகிவிடும்.

உள்ளே போனதும் டிஸ்க்ஸ் என்ற கருவியைத் திறந்து, அந்த பார்டிஷனைத் தேர்ந்தெடுத்து, பல்சக்கர பட்டனில் எடிட் மவுன்ட் ஆப்ஷன்ஸ் என்பதற்குப் போங்கள். கீழே ஐடென்டிஃபை அஸ் என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் லேபிள் தேர்வாகி இருப்பதுதான் காரணம். அதை யுயுஐடிக்கு (பார்டிஷனின் தனி அடையாள எண்) மாற்றுங்கள். அதே இடத்தில் மேலே உள்ள ஆப்ஷன்ஸ் வரியில் நோஃபெயில் என்ற சொல் இல்லையென்றால் சேர்த்துவிடுங்கள். அது இருந்தால் பார்டிஷன் கிடைக்காவிட்டாலும் லினக்ஸ் பூட் ஆகிவிடும், ஒரு டேட்டா டிரைவ் இல்லை என்பதற்காக முழு கணினியும் நிற்காது. லினக்ஸே இருக்கும் ரூட் பார்டிஷன் தவிர மற்ற எல்லா டேட்டா பார்டிஷன்களுக்கும் நோஃபெயில் போடுவது நல்லது என்பது என் உறுதியான கருத்து. இதைச் சேமித்து, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து சரிபார்த்த பிறகு, லேபிளை உங்கள் விருப்பம் போல எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம்.

ஏன் இப்படி என்றும் சொல்லிவிடுகிறேன், அது புரிந்தால் மீதிக் கேள்விகளும் பாதி தீர்ந்துவிடும். ஒரு பார்டிஷனுக்குப் பல பெயர்கள் இருக்கின்றன, அவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில் வசிக்கின்றன. சி, டி, இ என்கிற எழுத்து டிஸ்கில் எழுதப்படுவதே இல்லை. அது அந்தந்த விண்டோஸின் ரெஜிஸ்ட்ரிக்குள் (அமைப்புகளைச் சேமிக்கும் இடம்), மவுன்டட் டிவைசஸ் என்ற இடத்தில் இருக்கிறது. ஒரு விண்டோஸின் ரெஜிஸ்ட்ரி இன்னொரு விண்டோஸுக்குத் தெரியாது, அதனால்தான் உங்களுக்கு ஒரே பார்டிஷன் இ ஆகவும் எஃப் ஆகவும் தெரிகிறது. லேபிள் மட்டும் ஃபைல் சிஸ்டத்துக்குள்ளேயே எழுதப்படுகிறது, ஆகவே எந்த இயங்குதளத்தில் மாற்றினாலும் எல்லாவற்றிலும் மாறும். மூன்றாவது யுயுஐடி. இது ஃபார்மேட் செய்யும்போது உருவாவது, லேபிளை மாற்றினால் மாறாது, மறுபடி ஃபார்மேட் செய்தால் மாறிவிடும். என்டிஎஃப்எஸ்ஸில் 16 இலக்கங்களாகவும், லினக்ஸின் ஃபைல் சிஸ்டமான எக்ஸ்ட்4-இல் நடுவில் கோடு போட்ட 36 எழுத்துகளாகவும் தெரியும். லினக்ஸில் எஸ்டிஏ, எஸ்டிபி என்று வருவது இன்னொரு வகை, அது கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) டிஸ்கைக் கண்டுபிடித்த வரிசை மட்டுமே. யுஎஸ்பி டிஸ்க் ஒன்றைச் செருகிக்கொண்டு பூட் செய்தால்கூட வரிசை மாறலாம், விண்டோஸின் டிஸ்க் 0, டிஸ்க் 1 எண்களும் அப்படித்தான். அதை நம்பி எதையும் எழுதிவைக்கக் கூடாது.

ஆக, லேபிள் உங்கள் கண்ணுக்கு, யுயுஐடி கணினிக்கு. லேபிளை நம்பி ஃபைல் பாதை எதையாவது வைத்திருக்கிறீர்களா என்றும் ஒருமுறை பாருங்கள். லினக்ஸில் ஃபைல் மேனேஜரில் கிளிக் செய்து திறக்கும் டிரைவ்கள், மீடியா ஃபோல்டருக்குள் லேபிள் பெயரிலேயே ஒரு ஃபோல்டராக மவுன்ட் ஆகும். பேக்கப் நிரலோ, ஷார்ட்கட்டோ அந்தப் பாதையைப் பிடித்துக்கொண்டிருந்தால் பெயர் மாறியதும் அதுவும் அறுந்துபோகும்.

தட்டச்சன் எழுதியது:

கொன்றை சொன்னதோடு சேர்த்து, அந்த ரீஸ்டார்ட் விஷயத்தை நான் சொல்கிறேன். இதைச் செய்யாமல் மற்றதையெல்லாம் செய்தால் ஒருநாள் அந்தப் பொது பார்டிஷனில் ஃபைல்கள் கெட்டுப்போகும், இளவேனில், இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

விண்டோஸ் 8-இலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒரு வசதி இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸ் உண்மையில் முழுதாக அணைவதில்லை. கெர்னலின் நிலையை டிஸ்கில் ஒரு ஃபைலாக எழுதிவைத்துவிட்டு உறங்கப் போகிறது, அடுத்த முறை அதிலிருந்து விழித்துக்கொள்கிறது. அப்போது பொது பார்டிஷனில் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற அதன் நினைவும் பழையபடியே திரும்பி வரும். இடையில் நீங்கள் லினக்ஸிலோ அடுத்த விண்டோஸிலோ போய் அதே பார்டிஷனில் எழுதிவிட்டு வந்தால், முதல் விண்டோஸ் தன் பழைய நினைவை வைத்து அதன்மேல் எழுதும். லினக்ஸ் பெரும்பாலும் இதைக் கண்டுபிடித்து ரீட் ஒன்லியாக மட்டும் மவுன்ட் செய்து காப்பாற்றும். இரண்டு விண்டோஸுக்கு நடுவில் அப்படி ஒரு காவல் இருக்கிறது என்று நம்பி இருக்க வேண்டாம். பூட்டின்போது திடீரென்று செக் டிஸ்க் ஓடினால் அது இதன் அறிகுறியாக இருக்கலாம்.

இரண்டு விண்டோஸிலும் அட்மினாக கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, பவர்சிஎஃப்ஜி கட்டளையில் ஹைபர்னேட்டை ஆஃப் செய்துவிடுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் அதோடு போய்விடும். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில் அதை மட்டும் தனியாகவும் அணைக்கலாம், ஆனால் ஹைபர்னேட் பயன்படுத்தாதவர் என்றால் முதல் வழியே சுத்தமானது. எஸ்எஸ்டியில் பூட் ஆக ஆகும் நேர வித்தியாசம் சில நொடிதான், அதற்காக டேட்டாவைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டும் விண்டோஸ் முழுதாக அணைந்து எழும், கொன்றை அதனால்தான் அப்படிச் சொன்னார்.

இனி எழுத்து. டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்து பொது பார்டிஷன் மேல் ரைட் கிளிக், சேஞ்ச் டிரைவ் லெட்டர் அண்ட் பாத்ஸ், அங்கே புது எழுத்து கொடுக்கலாம். விண்டோஸ் 10-இல் ஒருமுறை, 11-இல் ஒருமுறை, இரண்டிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். இ, எஃப், ஜி போன்ற முன்வரிசை எழுத்துகளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். யுஎஸ்பி செருகும்போது விண்டோஸ் காலியாக இருக்கும் முதல் எழுத்தைத்தான் எடுக்கும், அங்கே மோதல் வரும். எம் தொடங்கி இசட் வரைக்கும் பின்னால் நிறைய எழுத்து இருக்கிறது, எம் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஏதாவது நிரல் இன்ஸ்டால் செய்திருந்தால், அல்லது டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை அங்கே மாற்றி வைத்திருந்தால், எழுத்து மாறியதும் அந்தப் பாதைகளையும் திருத்த வேண்டும்.

சி டிரைவின் எழுத்தை மட்டும் மாற்ற முயலவே கூடாது. டிஸ்க் மேனேஜ்மென்ட் அதற்கு அனுமதிக்காது, ரெஜிஸ்ட்ரி வழியாக மாற்றலாம் என்று சொல்லும் பழைய குறிப்புகளையும் நம்பாதீர்கள், ஆயிரக்கணக்கான பாதைகள் சி என்றே பதிவாகியிருக்கும். நீங்கள் செய்ய வேண்டியது வேறு. விண்டோஸ் 10-இன் பார்டிஷனுக்கு வின்10 என்றும், 11-க்கு வின்11 என்றும் லேபிள் கொடுங்கள். பிறகு 10-க்குள் இருக்கும்போது டிஸ்க் மேனேஜ்மென்டில் வின்11 பார்டிஷனின் எழுத்தை ரிமூவ் செய்துவிடுங்கள், 11-க்குள் இருக்கும்போது வின்10-இன் எழுத்தை ரிமூவ் செய்யுங்கள். பார்டிஷன் அழியாது, அந்த விண்டோஸின் கண்ணுக்கு மட்டும் மறைந்துவிடும். பக்கத்து விண்டோஸின் சிஸ்டம் ஃபோல்டரில் தவறுதலாக எதையும் தொடும் வாய்ப்பே இல்லை. எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடிக்கும்.

நெய்தல் எழுதியது:

மற்ற கேள்விகளைவிட உங்கள் கடைசிக் கேள்விதான் முக்கியம் என்று படுகிறது. பழைய எஸ்எஸ்டியை இப்போதைக்குக் கழற்ற வேண்டாம். கழற்றினால் மூன்றுமே பூட் ஆகாமல் போக வாய்ப்பு இருக்கிறது.

கிரப்பில் ஒரே விண்டோஸ் தெரிவதும், அதற்குப் பின் நீல மெனு வருவதும்தான் தடயம். யுஇஎஃப்ஐ (பயாஸின் புதிய வடிவம்) கணினியில் பூட் ஃபைல்கள் எல்லாம் ஈஎஃப்ஐ சிஸ்டம் பார்டிஷன் என்ற சின்ன ஃபேட்32 பார்டிஷனில் இருக்கும், விண்டோஸ் வழக்கமாக அதை 100 எம்பியில் உருவாக்கும். விண்டோஸ் 11-ஐ இன்ஸ்டால் செய்தபோது பழைய டிஸ்கும் உள்ளேயே இருந்திருந்தால், இன்ஸ்டாலர் அங்கே ஏற்கெனவே இருந்த ஈஎஃப்ஐ பார்டிஷனைக் கண்டுபிடித்து, பூட் ஃபைல்களை அதிலேயே போட்டிருக்கும், விண்டோஸ் மட்டும் புது டிஸ்கில் உட்கார்ந்திருக்கும். இரண்டு விண்டோஸும் ஒரே பூட் மேனேஜரைப் பகிர்வதால்தான் கிரப் அதை ஒன்றாகக் காட்டுகிறது. கிரப் தேடுவது பூட் மேனேஜரை, அதற்குள் எத்தனை விண்டோஸ் இருக்கின்றன என்று அது பார்ப்பதில்லை. உபுண்டு குடும்ப இன்ஸ்டாலரும் நீங்கள் எந்த டிஸ்கைக் காட்டினாலும் முதல் டிஸ்கின் ஈஎஃப்ஐ பார்டிஷனில் கிரப்பைப் போட்டுவிடுவது பலருக்கும் நடந்திருக்கிறது, மின்டும் அந்த வகை இன்ஸ்டாலரைத்தான் பயன்படுத்தி வந்திருக்கிறது.

டிஸ்க் மேனேஜ்மென்டில் இரண்டு டிஸ்கின் வரிசையையும் பாருங்கள். ஈஎஃப்ஐ சிஸ்டம் பார்டிஷன் என்று எந்த டிஸ்கில் எழுதியிருக்கிறது என்று சொல்லுங்கள்.

பயாஸில் உபுண்டு என்று வருவது சரிதான். மின்ட் தன் பூட் ஃபைல்களை உபுண்டு என்ற ஃபோல்டரிலேயே வைக்கிறது, பெயரும் அப்படியே பதிவாகிறது. அதே கணினியில் உண்மையான உபுண்டுவையும் இன்ஸ்டால் செய்தால் மட்டும் ஒன்று இன்னொன்றின்மேல் எழுதும், கவனம்.

இளவேனில் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. லேபிளைப் பழையபடி மாற்றியதும் லினக்ஸ் உடனே பூட் ஆகிவிட்டது. ஐடென்டிஃபை அஸ் என்ற இடத்தில் கொன்றை சொன்னது போலவே லேபிள்தான் இருந்தது, யுயுஐடிக்கு மாற்றி நோஃபெயிலும் சேர்த்துவிட்டேன். இரண்டு விண்டோஸிலும் எம் டிரைவ் வந்துவிட்டது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் அணைத்தாகிவிட்டது.

நெய்தல், நீங்கள் சொன்னபடியேதான் இருக்கிறது. ஈஎஃப்ஐ சிஸ்டம் பார்டிஷன் பழைய எஸ்எஸ்டியில் மட்டும்தான் இருக்கிறது, புது டிஸ்கில் அப்படி எதுவுமே இல்லை. இப்போது புது டிஸ்கைத் தன் காலில் நிற்க வைப்பது எப்படி? எல்லாவற்றையும் மறுபடி இன்ஸ்டால் செய்ய வேண்டுமா?

இன்னொன்று, இப்போது களஞ்சியம் என்று லேபிளை மாற்றலாமா, அல்லது டேட்டா என்றே விட்டுவிடவா? லினக்ஸ் பார்டிஷனுக்கும் தமிழில் பெயர் வைக்க ஆசை.

நெய்தல் எழுதியது:

மறுபடி இன்ஸ்டால் தேவையில்லை, ஒரு மாலை நேரத்து வேலைதான். ஆனால் தொடங்கும் முன் இரண்டு காரியம். பொது பார்டிஷனில் உள்ளதை வெளி டிஸ்க் ஒன்றில் பேக்கப் எடுங்கள், பார்டிஷன் அளவைத் தொடும் எந்த வேலைக்கும் இது கட்டாயம். அப்புறம் டிரைவைக் குறியாக்கம் செய்து பூட்டும் பிட்லாக்கரோ டிவைஸ் என்கிரிப்ஷனோ ஆன் ஆகி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்த 48 இலக்க ரெக்கவரி கீயை இந்தக் கணினிக்கு வெளியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பூட் வழி மாறியதும் விண்டோஸ் அதைக் கேட்கலாம், கேட்கும்போது கையில் இல்லையென்றால் அந்த டிரைவைத் திறக்க முடியாது.

விண்டோஸ் 11-இல் டிஸ்க் மேனேஜ்மென்ட் வழியாகப் பொது பார்டிஷனிலிருந்து 500 எம்பி மட்டும் குறையும்படி ஷ்ரிங்க் செய்யுங்கள். பிறகு லினக்ஸில் ஜிபார்ட்டட் திறந்து, அந்தக் காலி இடத்தில் ஃபேட்32 பார்டிஷன் ஒன்று உருவாக்கி, ஃப்ளாக்ஸ் பகுதியில் பூட், ஈஎஸ்பி இரண்டையும் டிக் செய்யுங்கள். என்விஎம்இ டிஸ்கைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்று டிஸ்கின் அளவைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். லேபிளாக ஈஎஃப்ஐ-புது என்பது மாதிரி ஏதாவது ஆங்கிலத்தில் கொடுத்தால் பின்னால் அடையாளம் தெரியும்.

அடுத்தது விண்டோஸ் பகுதி. விண்டோஸ் 11-இல் அட்மின் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, டிஸ்க்பார்ட்டுக்குள் போய், புது டிஸ்கையும் அந்த 500 எம்பி பார்டிஷனையும் செலக்ட் செய்து எஸ் என்ற எழுத்தை அசைன் செய்யுங்கள், டிஸ்க் மேனேஜ்மென்ட் ஈஎஃப்ஐ பார்டிஷனுக்கு எழுத்து தராது என்பதால் இந்தச் சுற்று வழி. டிஸ்க்பார்ட்டில் செலக்ட், அசைன் தவிர வேறு எதையும் தட்ட வேண்டாம், கிளீன் என்று ஒரு கட்டளை இருக்கிறது, அது கேள்வி கேட்காமல் டிஸ்கையே காலி செய்துவிடும். வெளியே வந்து பிசிடிபூட் கட்டளையைக் கொடுங்கள்: முதலில் சி டிரைவில் உள்ள விண்டோஸ் ஃபோல்டரின் பாதை, பிறகு ஸ்லாஷ் எஸ் போட்டு எஸ் டிரைவ், கடைசியில் ஸ்லாஷ் எஃப் போட்டு யுஇஎஃப்ஐ. சில நொடியில் பூட் ஃபைல்கள் உருவாகிவிட்டதாகச் செய்தி வரும்.

லினக்ஸில் எஃப்எஸ்டேப் ஃபைலைத் திறந்தால், பூட் ஃபோல்டருக்குள் இருக்கும் ஈஎஃப்ஐ ஃபோல்டரில் எந்த பார்டிஷன் மவுன்ட் ஆக வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியில் பழைய பார்டிஷனின் யுயுஐடிக்குப் பதில் புதியதைப் போடுங்கள். டிஸ்க்ஸ் கருவியில் பார்டிஷனைத் தேர்ந்தெடுத்தால் யுயுஐடி தெரியும், ஃபேட்32-க்கு அது எட்டு இலக்கம்தான் இருக்கும், நடுவில் ஒரு கோடு. ரீஸ்டார்ட் செய்து அது சரியாக மவுன்ட் ஆகியிருக்கிறதா பார்த்த பிறகு, சுடோவோடு கிரப் இன்ஸ்டால் கட்டளையையும் அப்டேட் கிரப் கட்டளையையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டுங்கள். இப்போது கிரப்பில் இரண்டு விண்டோஸ் பூட் மேனேஜர் தெரியும், ஒன்று பழைய டிஸ்க், ஒன்று புது டிஸ்க். விண்டோஸே தெரியவில்லை என்றால், மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ் புரோபர் அணைந்திருக்கிறது என்று அர்த்தம். 2021-இல் வந்த கிரப் 2.06-இலிருந்து அது இயல்பிலேயே அணைக்கப்பட்டிருக்கிறது, சில வினியோகங்கள் தாங்களாகவே ஆன் செய்து தருகின்றன, சில தருவதில்லை. கிரப்பின் டிஃபால்ட் அமைப்பு ஃபைலில் டிசேபிள் ஓஎஸ் புரோபர் என்ற வரிக்கு ஃபால்ஸ் என்று கொடுத்து மறுபடி அப்டேட் செய்தால் வந்துவிடும்.

எல்லாம் முடிந்ததும் கணினியை முழுதாக அணைத்து, மின் இணைப்பையும் எடுத்துவிட்டு, பழைய எஸ்எஸ்டியின் கேபிளைப் பிடுங்கிப் பூட் செய்து பாருங்கள். லினக்ஸும் விண்டோஸ் 11-உம் அது இல்லாமல் வந்தால்தான் வேலை முடிந்தது. வந்த பிறகு கேபிளை மறுபடி மாட்டிக்கொள்ளலாம்.

கொன்றை எழுதியது:

தமிழ் லேபிள் பற்றி. என்டிஎஃப்எஸ் 32 எழுத்து வரை தாங்கும், தமிழும் சரியாக ஏற்கும், அதனால் களஞ்சியம் அங்கே பிரச்சினையில்லை. எக்ஸ்ட்4 அப்படியில்லை, அதன் லேபிளுக்கு 16 பைட்தான் இடம். யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் தமிழ் எழுத்துக்கு மூன்று பைட், அதுவும் புள்ளியும் துணைக்கால் கொம்புகளும் தனித்தனியாக மூன்று மூன்று பைட் எடுக்கும். களஞ்சியம் என்று எழுதினால் 27 பைட், உள்ளே போகாது. படம், பணி, வீடு போன்ற சின்னச் சொற்கள் போகும். ஃபேட்32-இல் 11 பைட்தான், யூனிகோடும் கிடையாது, அங்கே தமிழை மறந்துவிடலாம்.

ஆனாலும் நான் சொல்வது, விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் தொடும் டிரைவுக்கு இடைவெளி இல்லாத சின்ன ஆங்கிலப் பெயரே வையுங்கள். நீங்கள் பார்த்த அந்தக் கறுப்புத் திரையில் தமிழ் எழுத்து தெரியாது, தட்டவும் முடியாது. அவசரத்தில் ஒரு பாதையைக் கையால் எழுத வேண்டி வரும்போது அது பெரிய தடை. உள்ளே ஃபோல்டர்களுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் தமிழில் பெயர் வையுங்கள், நானும் அப்படித்தான் வைத்திருக்கிறேன், எந்தத் தொல்லையும் இல்லை.

தட்டச்சன் எழுதியது:

நெய்தல் சொன்னபடி செய்து முடித்ததும் கிரப் வழியாக விண்டோஸை அழைப்பதையே விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். ஒவ்வொரு டிஸ்கிலும் தனி ஈஎஃப்ஐ பார்டிஷன் இருக்கும்போது, ஆன் செய்யும்போது எஃப்12 அல்லது உங்கள் போர்டுக்கு உரிய பட்டனை அழுத்தி நேராக டிஸ்கைத் தேர்ந்தெடுக்கலாம். ஒன்று கெட்டால் இன்னொன்றைப் பாதிக்காது.

நெய்தல் எழுதியது:

அது பழைய எஸ்எஸ்டிக்குச் சரி. புது டிஸ்கில் விண்டோஸ் 11-உம் மின்டும் ஒரே ஈஎஃப்ஐ பார்டிஷனில் இருப்பதால் அங்கே கிரப் இருப்பதே வசதி, தினமும் சரியான நொடியில் பட்டன் அழுத்திக்கொண்டிருக்க முடியாது. எஃப்12-ஐ ஸ்கேனர் வேலைக்காக 10-க்குப் போகும்போது மட்டும் பயன்படுத்தட்டும். நீல மெனுவில் பழைய பெயர் மிச்சமிருந்தால், அந்த விண்டோஸுக்குள் போய் கமாண்ட் பிராம்ப்டில் பிசிடிஎடிட் கட்டளையால் டிஸ்கிரிப்ஷனை மாற்றலாம். பவர்ஷெல்லில் முயல வேண்டாம், வளைவு அடைப்புக்குறியை அது வேறு மாதிரி புரிந்துகொண்டு பிழை காட்டும்.

இளவேனில் எழுதியது:

முடிந்துவிட்டது நண்பர்களே! பழைய எஸ்எஸ்டியின் கேபிளை எடுத்துவிட்டுப் பார்த்தேன், மின்டும் விண்டோஸ் 11-உம் இரண்டும் வருகின்றன. விண்டோஸ் ஒருமுறை ரெக்கவரி கீ கேட்டது, எழுதி வைத்திருந்ததால் உடனே கொடுத்தேன், நெய்தலுக்கு அதற்காகத் தனி நன்றி. பொது டிரைவை ஆங்கிலத்தில் டேட்டா என்றே விட்டுவிட்டேன், அதற்குள் முதல் ஃபோல்டர் களஞ்சியம்.

ஒரு சின்ன விஷயம் மட்டும் மிச்சம். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு மாறினால் கடிகாரம் சில மணி நேரம் தள்ளிக் காட்டுகிறது, இது நான் செய்த மாற்றத்தால் வந்ததா?

கொன்றை எழுதியது:

இல்லை, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. போர்டில் உள்ள கடிகாரத்தில் விண்டோஸ் உள்ளூர் நேரத்தை வைக்கிறது, லினக்ஸ் யுடிசி (உலகப் பொது) நேரத்தை வைக்கிறது, ஒன்று எழுதியதை மற்றது தவறாகப் படிக்கிறது. லினக்ஸில் டைம்டேட்சிடிஎல் கட்டளையில் செட் லோக்கல் ஆர்டிசி என்பதற்கு 1 கொடுத்தால் அதுவும் உள்ளூர் நேரத்தையே வைக்கத் தொடங்கிவிடும். இரண்டு விண்டோஸ் வைத்திருப்பதால் உங்களுக்கு இதுவே சுலபம், இல்லையென்றால் இரண்டின் ரெஜிஸ்ட்ரியிலும் ரியல் டைம் இஸ் யுனிவர்சல் என்ற மதிப்பைச் சேர்க்க வேண்டி இருக்கும்.